பழைய படகு மோட்டாரை அறிதலும் மீட்டலும்

படகின் பின்புறப் பலகையில் இரும்புப் பிடியால் கவ்வப்பெற்று, பாதி நீருக்கு மேலும் பாதி நீருக்குள்ளுமாய் நின்று படகைத் தள்ளும் சிறு பொறியை யாவரும் கண்டிருப்பர். மலாய் மொழியில் அதற்கு 'எஞ்சின் சங்குட்' என்று பெயர். தொங்கவிட்ட எஞ்சின் என்பது பொருள். ஆங்கிலத்தார் அதனை 'அவுட்போர்டு மோட்டார்' என்பர். படகுக்கு வெளியே இருக்கும் மோட்டார் என்பது பொருள். ஒரு பெயர் அது நிற்கும் நிலையைச் சுட்டுகிறது. மற்றொன்று அது நிற்கும் இடத்தைச் சுட்டுகிறது. இரண்டும் பொருத்தமான காரணப்பெயர்களே.

இப்பொறி பிறந்து வளர்ந்த நாடு அமெரிக்கா. அங்கே ஏரிக்கரை வீடுகளின் கொட்டகைகளில் அறுபது, எழுபது ஆண்டுகளாகக் கிடக்கும் மோட்டார்களைத் தேடியெடுத்து, மறுபடியும் ஓடச் செய்வதைப் பலர் ஒரு கலையாகவே பயின்று வருகின்றனர். பாட்டனார் மீன்பிடிக்கக் கொண்டுசென்ற மோட்டார் பேரன் கைக்கு வரும்பொழுது இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது எது? இது மீண்டும் ஓடுமா? பெரும்பாலோர் இரண்டாம் கேள்வியையே முதலில் கேட்டுத் திருகுசாவியைக் கையில் எடுத்துவிடுகின்றனர். பல மோட்டார்கள் அழிவது துருவினால் அன்று. இந்த அவசரத்தினாலேயே ஆகும். அறிதல் முன், மீட்டல் பின் என்பதே இக்கலையின் முதல் விதி. அதற்குக் காரணம் என்ன என்பதை இக்கட்டுரை விளக்கும்.

பிறப்பும் வளர்ப்பும்

படகில் கழற்றி மாட்டத்தக்க மோட்டாரைச் செய்ய முயன்றவர் பலர். டெட்ராய்ட் நகரைச் சார்ந்த கேமரன் வாட்டர்மேன் என்பவர் 1905-ஆம் ஆண்டில் தம் பொறியை நீரில் ஓட்டிப் பார்த்து, 1907-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் இதனைப் பெருவாரியான மக்களிடம் கொண்டு சேர்த்தவர் ஓலி எவின்ரூட் என்பவரே. அவர் நார்வே நாட்டில் 1877-இல் பிறந்து, சிறு பிள்ளையாக இருக்கும்பொழுதே பெற்றோருடன் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியவர். கோடை வெயிலில் ஏரியின் நடுவே இருந்த காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கி வரத் துடுப்பு வலித்துச் சென்றபொழுது, அவர் திரும்புமுன் அது உருகிப் போயிற்று என்றும், அந்தத் தோல்வியே மோட்டாருக்கு வித்து என்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது. கதை எவ்வாறாயினும், அந்தக் காதலியாகிய பெஸ் என்பார் பின்னர் அவர் மனைவியாகித் தொழிலின் கணக்கையும் விளம்பரத்தையும் தாமே நடத்தினார் என்பது வரலாறு.

எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் ஒற்றைச் சிலிண்டர் உடையது. ஒன்றரைக் குதிரைத்திறன் கொண்டது. எடை 62 இராத்தல். விலையும் 62 டாலர். அதனைக் கிளப்புவதற்குக் கயிறு இல்லை. மேலே உள்ள கனத்த சக்கரத்தில் நிற்கும் குமிழைக் கையால் பிடித்துச் சுழற்ற வேண்டும். மனைவியின் உடல்நலங் கருதி அவர் தொழிலை விற்றுவிட்டு விலகினார். சில ஆண்டுகள் கழித்து, அலுமினியத்தாலான இலேசான இரட்டைச் சிலிண்டர் மோட்டார் ஒன்றுடன் 'எல்ட்டோ' என்ற புதுப் பெயரில் மீண்டும் வந்தார். அதே காலத்தில் இந்தியானா மாநிலத்து ஜான்சன் உடன்பிறந்தார் சுமார் 35 இராத்தல் எடையே உள்ள இரட்டைச் சிலிண்டர் மோட்டாரைச் செய்து புகழ் பெற்றனர். எவின்ரூட் 1934-இல் மறைந்தார். அதன்பின் ஈராண்டிற்குள் எவின்ரூட், ஜான்சன் என்னும் இரு பெயர்களும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன.

அந்தப் பெருநிறுவனம் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் திவாலாயிற்று. அதன் பெயர்களை வாங்கிய கனடா நாட்டு நிறுவனமும் 2020-இல் எவின்ரூட் மோட்டார் செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே இன்று ஐயம் கேட்கத் தொழிற்சாலை இல்லை. எஞ்சியிருப்பவை பழைய கையேடுகளும், பயின்றோர் தொகுத்த அட்டவணைகளும், மோட்டார்களுமே. ஒவ்வொரு பழைய மோட்டாரும் தன் வரலாற்றுக்குத் தானே சாட்சியாகி நிற்கிறது. அச்சாட்சியை அழித்துவிட்டால் மீண்டும் பெறுதல் அரிது.

தகடு கூறும் சான்று

சுவடிப் பதிப்பாளர் ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயரும் ஆண்டும் உண்டா என்று முதலிற் பார்ப்பதுபோல, மோட்டாரை ஆராய்வோர் முதலில் தேட வேண்டியது எண் பொறித்த சிறு தகடு. அது பெரும்பாலும் படகைக் கவ்வும் பிடியின் மேலோ அதன் பக்கத்திலோ இருக்கும். அதில் இரண்டு எண்கள் காணப்படும். ஒன்று மாடல் எண். மற்றொன்று வரிசை எண். மாடல் எண் இனத்தைக் கூறும். வரிசை எண் அந்த இனத்துள் அந்த ஒரு மோட்டாரை மட்டும் சுட்டும். இரண்டையும் மாற்றிக்கொண்டு உதிரிப் பொருள் கேட்டு ஏமாந்தவர் பலர்.

தகடு உதிர்ந்து போயிருந்தால் மனந்தளர வேண்டியதில்லை. ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் பிற்காலத்தன பலவற்றில், எஞ்சின் உடலில் அடித்துப் பொருத்தப்பட்ட காசளவான வட்ட உலோக மூடியிலும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வண்ணப்பூச்சின் அடியில் அது மறைந்திருக்கலாம். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் எழுத்தும் தேய்ந்துவிடும். துணியும் மண்ணெண்ணெயுமே அதற்குப் போதுமானவை.

ஜான்சன் மோட்டார்களில் எழுத்து குடும்பத்தைக் குறிக்கும். எண் அக்குடும்பத்தில் தலைமுறையைக் குறிக்கும். ஓர் எடுத்துக்காட்டு காணலாம். 'கியூ டி' என்னும் எழுத்துகளை உடையது பத்துக் குதிரைத்திறன் மோட்டார்க் குடும்பம். அதன் முதல் மோட்டார் 'கியூ டி-10'. அது 1949-ஆம் ஆண்டிற்குரிய மாடல். அதன்பின் ஆண்டுதோறும் எண் ஒவ்வொன்றாய்க் கூடிச் செல்கிறது. எனவே இக்குடும்பத்து எண்ணுடன் 39-ஐக் கூட்டினால் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் கிடைத்துவிடும். 'கியூ டி-15' என்றால் 15-உம் 39-உம் 54, அது 1954. குடும்பத்தின் கடைசி எண் 24, அது 1963. இடையில் 'எல்' என்ற எழுத்துச் சேர்ந்து 'கியூ டி எல்' என்றிருந்தால், உயர்ந்த பின்பலகை உடைய படகுக்கென ஐந்து அங்குலம் நீண்ட தண்டுடன் செய்யப்பட்டது என்று கொள்ள வேண்டும்.

இக்கணக்கு இக்குடும்பத்திற்கு மட்டுமே உரியது என்பதை மறத்தலாகாது. பிற எழுத்துக் குடும்பங்கள் வேறு ஆண்டுகளில் தொடங்கின; சிலவற்றில் எண் ஆண்டுதோறும் ஒழுங்காக ஏறவும் இல்லை. அக்காலத்து எவின்ரூட் மோட்டார்களோ வெறும் எண்களையே கொண்டவை. பார்த்த மாத்திரத்தில் ஆண்டு புலப்படாது. அவற்றுக்கு அட்டவணையே துணை.

1980-ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ 1990-களின் இறுதி வரை இவ்விரு பெயர் மோட்டார்களிலும் ஆண்டைக் குறிக்க ஒரு சுவையான முறை கையாளப்பட்டது. 'அறிமுகப்படுத்துகிறது' என்று பொருள்படும் 'இன்ட்ரொடியூசஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லில் பத்து எழுத்துகள் உள. ஒன்றும் இரண்டாம் முறை வாராது. முதல் எழுத்தை 1 என்றும், இரண்டாம் எழுத்தை 2 என்றும் கொண்டு, ஒன்பதாம் எழுத்தை 9 என்றும், பத்தாம் எழுத்தைச் சுழி என்றும் கொள்க. ஏழாம் எழுத்து 'யு', எட்டாம் எழுத்து 'சி'. மாடல் எண்ணில் ஆண்டுக்குரிய இடத்தில் 'சி யு' என்றிருந்தால் 87, அதாவது 1987. எழுத்தால் எண்ணைச் சுட்டும் கடபயாதி முறையை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. வடமொழி வானநூலார் கையாண்ட உத்தியும் மோட்டார்த் தொழிற்சாலை கையாண்ட உத்தியும் கருத்தளவில் ஒன்றே.

இரவல் பெயர்கள்

பெயரைக் கண்டு செய்தவரைத் தீர்மானித்தலும் கூடாது. அமெரிக்காவின் பெருங்கடைகள் பிறர் செய்த மோட்டார்களைத் தம் பெயரிட்டு விற்றன. 'சியர்ஸ்' கடை விற்ற 'எல்ஜின்' மோட்டார்கள் பலவற்றைச் செய்தது விஸ்கான்சினில் உள்ள வெஸ்ட் பெண்ட் அலுமினிய நிறுவனம். அக்கடை தன் சரக்குகளின் எண்ணில் முதல் மூன்று இலக்கங்களால் செய்தவரைக் குறித்து வைத்தது. 571 என்று தொடங்கினால் வெஸ்ட் பெண்ட் எனக் கொள்ளலாம். 'எல்ஜின்' என்ற பெயரில் உதிரிப் பொருள் தேடிக் கிடைக்காமல் சோர்ந்தவர்க்கு, 'வெஸ்ட் பெண்ட்' என்று தேடினால் கிடைத்துவிடுகிறது. இயற்பெயர் அறிந்தால் உறவினர் தாமே வெளிப்படுவர் போலும்!

சான்றுகள் முரண்படுமிடமும் உண்டு. மேல்மூடி ஓர் ஆண்டினதாகவும், எஞ்சின் வேறோர் ஆண்டினதாகவும், நீருக்குள் நிற்கும் அடிப்பகுதி மூன்றாம் ஆண்டினதாகவும் இருக்கலாம். மூடியின் வடிவமும் நிறமும் கண்ணுக்கு எளிதிற் புலப்படுவன. ஆதலின் அவையே ஏமாற்றவும் வல்லன. நான்கு திருகுகளைக் கழற்றினால் மூடியை மாற்றிவிடலாம். ஆகவே தகட்டின் எண்ணையும், எஞ்சின் அமைப்பையும், மூடியையும் ஒப்பிட்டு, மூன்றும் ஒன்றையே கூறுகின்றனவா என்று பார்த்த பின்னரே முடிவு கொள்ளல் வேண்டும். அமைப்பு தரும் சான்றுகளுள் ஒன்று எரிபொருள் தொட்டி. 1949-இன் 'கியூ டி-10' மோட்டாரில் தொட்டி எஞ்சினை விட்டுப் பிரிந்து படகின் தரையில் தனியே வைக்கப்பட்டது; முன்செல்லல், நிற்றல், பின்செல்லல் என்னும் மூன்று நிலைகளுக்கும் பற்சக்கர மாற்றியும் அதில் அமைந்தது. 'கியூ டி' எனத் தகடு கூறும் மோட்டாரின் தலையிலேயே தொட்டி இருக்குமானால், அங்கே இரண்டு மோட்டார்கள் ஒன்றாகியுள்ளன என்று ஐயுற வேண்டும்.

ஆண்டு அறியாவிடின் நேரும் கேடு

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். எண்ணெய்க் கலவை ஒன்றே அதற்கு விடை கூறும். இவை 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இருவீச்சுப் பொறிகள். காரில் இருப்பதுபோல் தனி எண்ணெய்த் தொட்டி இவற்றில் இல்லை. பெட்ரோலும் காற்றும் முதலில் எஞ்சினின் அடிவயிற்றுள் புகுந்து, அங்குள்ள தண்டையும் தாங்கிகளையும் தழுவிச் சென்ற பின்னரே சிலிண்டரை அடைகின்றன. ஆதலால் பெட்ரோலிற் கலந்த எண்ணெயே அவ்வுறுப்புகளுக்கு உயிர். 1964-ஐ ஒட்டி வந்த மோட்டார்களில் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் போதும் என்று தொழிற்சாலையார் விதித்தனர். அதற்கு முந்தியவற்றுக்கு அது போதாது. ஒரு காலனுக்கு அரைப் பைண்ட் என்று பழைய தகடுகள் கூறும். காலனுக்கு எட்டுப் பைண்ட் ஆதலின் அது 16-க்கு 1. மூன்றில் ஒரு பைண்ட் என்றிருந்தால் 24-க்கு 1. இன்றைய படகு மோட்டார் எண்ணெய் அக்காலத்து எண்ணெயினும் தூயது. ஆகவே 1950-களின் 'கியூ டி' போன்றவற்றுக்கு 24-க்கு 1 என்பதையே மீட்போர் பெரிதும் கொள்கின்றனர்.

புதிய மோட்டாருக்குரிய 50-க்கு 1 கலவையைப் பழைய மோட்டாரில் ஊற்றினால் என்ன ஆகும்? முதலில் ஒன்றும் ஆகாது. முன்னினும் புகை குறைந்து நன்றாக ஓடுவதுபோலவே தோன்றும். பின்னர் வெண்கலத் தாங்கிகள் காய்ந்து தேய்ந்து, ஒரு நாள் நடு ஏரியில் இறுகி நிற்கும். எழுபது ஆண்டுத் துரு செய்யாத கேட்டை ஒரு பகலின் அறியாமை செய்துவிடும். அறிதல் முன் என்ற விதியின் பொருள் இதுவே.

மீட்கும் முறை

ஆண்டும் இனமும் தெளிந்தபின் வேலையைத் தொடங்கலாம். அதிலும் ஒரு வரிசை உண்டு.

முதலாவது, எஞ்சின் சுழல்கிறதா என்று பார்த்தல். மேலே உள்ள கனத்த 'ஃப்ளைவீல்' சக்கரத்தைக் கையால் வலஞ்சுழியாக மட்டுமே திருப்ப வேண்டும். இடஞ்சுழியாகத் திருப்பினால் கீழே நீர்ப் பம்பில் உள்ள ரப்பர்ச் சக்கரத்தின் இதழ்கள் எதிர்ப்புறம் மடங்கி முறியும். பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்பார்க் பிளக் துளைகள் வழியே துரு நீக்கும் எண்ணெயை ஊற்றிச் சில நாள் காத்திருப்பதே வழி. சுத்தியலால் அடிப்போர் வளைந்த தண்டையே பரிசாகப் பெறுவர்.

இரண்டாவது, அழுத்தம். சிலிண்டர்களில் அழுத்தமானியை வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே எண்ணைக் காட்டிலும் ஒற்றுமை முக்கியம். இரண்டு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒத்த அழுத்தம் காட்டினால் நம்பிக்கை உண்டு. ஒன்று மிகத் தாழ்ந்திருந்தால் பிஸ்டன் வளையமோ சிலிண்டர்த் தலையின் அடைப்புத் தகடோ பழுதுற்றது என்று அறியலாம். இச்சோதனையில் தோற்ற மோட்டாருக்கு வேறு செலவு செய்யுமுன் யோசித்தல் நன்று.

மூன்றாவது, தீப்பொறி. ஃப்ளைவீல் சக்கரத்தின் அடியில் 'மக்னீட்டோ' என்னும் மின்னாக்கி உள்ளது. சக்கரத்தில் பதித்த காந்தம் சுழலும்பொழுது அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 'பாயிண்ட்' எனப்படும் சிறு வாய்கள் திறக்கும் கணத்தில் அது உயர்ந்த அழுத்தம் பெற்றுப் பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. 1950-களின் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் இச்சுருள்களின் மேலுறை வெடித்துப் போதல் பெருவழக்கு. வெடிப்பைக் கண்டால் பொறி வந்தாலும் சுருளை மாற்றிவிடுதலே அறிவு. ஏனெனில் சூடேறியதும் அது கைவிடும். பாயிண்ட்களின் முகத்தைத் தூய்மை செய்து, அவை முழுதும் திறந்த நிலையில் இடைவெளியை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்காக வைக்க வேண்டும். நல்ல பொறி கால் அங்குல இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். சக்கரத்தைக் கழற்றும்பொழுது விளிம்பைப் பிடித்து நெம்பலாகாது. அதன் நடுவில் உள்ள திருகுத் துளைகளில் இழுகருவியைப் பொருத்தியே எடுத்தல் வேண்டும்.

நான்காவது, எரிபொருள். கார்புரேட்டரைப் பிரித்தால் பழைய பெட்ரோல் அரக்குப்போல் படிந்திருக்கும். அதனைக் கரைத்து, நுண்ணிய வழிகளிலெல்லாம் காற்றடித்துத் தூய்மை செய்ய வேண்டும். உள்ளே மிதவை தக்கையால் ஆனது. அதன் மேற்பூச்சு உரிந்திருந்தால் தக்கை பெட்ரோலை உறிஞ்சி அமிழும். கார்புரேட்டர் நிரம்பி வழியும். எதனால் இது வழிந்தது என்று வெளியே தேடுவோர் உள்ளே தக்கையைப் பார்ப்பதில்லை.

1950-களின் தனித்தொட்டியைப் பற்றித் தனியே கூற வேண்டும். அதனுடன் இணைந்த குழாய் ஒன்றாகத் தோன்றினும் உள்ளே இரண்டு வழிகள் உண்டு. எஞ்சினின் அடிவயிற்றில் எழும் காற்றழுத்தம் ஒரு வழியாகத் தொட்டிக்குச் செல்கிறது. அந்த அழுத்தம் பெட்ரோலை மற்றொரு வழியாக எஞ்சினுக்குத் தள்ளுகிறது. ஏறத்தாழ 1960-ஐ ஒட்டி எஞ்சினிலேயே சிறு பம்பு அமைந்ததும் ஒற்றைக் குழாய் போதுமாயிற்று. ஒற்றைக் குழாய்த் தொட்டியை இரட்டை வழி மோட்டாரில் மாட்டினால் பெட்ரோல் வாராது. இரட்டை வழித் தொட்டியோ அழுத்தம் ஏறிய பெட்ரோல் கலம். அதன் மூடியும் அடைப்பும் பழுதுற்றிருந்தால் பெட்ரோல் பீறிட்டுத் தீ விபத்தாகும். ஓடி முடிந்ததும் மூடியை மெல்லத் தளர்த்தி அழுத்தத்தை விட்டுவிடும் வழக்கத்தைப் பழையோர் தவறாது கடைப்பிடித்தனர்.

ஐந்தாவது, நீரும் பற்சக்கரமும். நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம் நெடுநாள் கிடந்தால் இறுகிவிடும். அதனை ஐயமின்றி மாற்ற வேண்டும். நீரின்றி ஓட்டினால் புதிய சக்கரமும் சில நொடிகளில் கருகும். ஆதலால் சோதனை ஓட்டம் நீர் நிறைந்த பீப்பாயிலேயே நடைபெறல் வேண்டும். பழைய மோட்டார்கள் பலவற்றில், இன்றையவற்றைப் போல் பக்கத்தில் நீர் பீச்சும் துளை இல்லை. பின்புறப் புகைவழியில் நீர்த்துளி தெறிப்பதைக் கொண்டே பம்பு வேலை செய்கிறது என்று அறிய வேண்டும். அடியிலுள்ள பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயை வடித்துப் பார்த்தால், அது பால்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்தது என்பது பொருள். அடைப்பு வளையங்களை மாற்ற வேண்டும். புது எண்ணெயைக் கீழ்த்துளை வழியே ஏற்றி, மேல்துளையில் அது வழியும் வரை நிரப்புதல் முறை. மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளேயே அடைபட்டு, பெட்டி நிறைந்ததுபோல் ஏமாற்றும்.

விசிறியை அதன் தண்டுடன் பிணைக்கும் சிறு உலோக ஊசியும் கவனிக்கத்தக்கது. பல மோட்டார்களில் அது மென்மையான உலோகத்தால் வேண்டுமென்றே செய்யப்பட்டது. விசிறி பாறையில் மோதினால் ஊசி முறிந்து, விலையுயர்ந்த பற்சக்கரங்களைக் காக்கும். ஊசி அடிக்கடி முறிகிறதே என்று எண்ணி இரும்பு ஆணியைச் செருகியவர்கள், ஊசிக்குப் பதில் பற்சக்கரத்தையே பலி கொடுத்தனர்.

புதுமையா, பழமையா?

மோட்டார் ஓடத் தொடங்கியதும் மற்றொரு கேள்வி எழும். வண்ணம் பூசலாமா? மீட்போரிடையே இங்குக் கருத்து வேறுபாடு உண்டு. புதிதுபோல் மின்ன வேண்டும் என்பர் சிலர். தொழிற்சாலையில் பூசிய வண்ணமும் ஒட்டிய சித்திரமும் எவ்வளவு மங்கினும் அவையே மெய் என்பர் வேறு சிலர். 1950-களின் தொடக்கத்தில் ஜான்சன் மோட்டார்கள் பச்சை நிறத்தன; பின்னர் நிறம் மாறிற்று. நிறமும் ஆண்டுக்குச் சான்றாவதால், அதனை மூடிவிடுவோர் ஒரு சான்றை மூடுகின்றனர். நடுவழி ஒன்று உண்டு. தொடங்குமுன் எல்லாப் புறமும் படம் எடுத்து வைத்தல், தகட்டைத் தொடாதிருத்தல், கழற்றிய பழைய உறுப்புகளைப் பெயரிட்டுப் பையில் காத்தல், எது மூலம் எது மாற்று என்று எழுதி வைத்தல் ஆகியவை அவ்வழி. இவ்வாறு செய்தால் பின்வருவோர் ஐயமின்றி அறிவர். பூசியவர் விரும்பியது அழகே ஆயினும், மறைத்தது வரலாறு ஆகாமல் இருக்கும்.

பழைய மோட்டாரை மீட்பவர் உண்மையில் மூன்று பேருக்குக் கடமைப்பட்டவர். அதனைச் செய்த தொழிலாளிக்கு ஒன்று. அதனை ஓட்டிய முன்னோருக்கு ஒன்று. இனி அதனைக் கையில் எடுக்கப்போகும் அறியாத ஒருவருக்கு ஒன்று. அம்மூவர்க்கும் செய்யும் மரியாதை, திருகுசாவியை எடுக்குமுன் தகட்டைத் துடைத்து, அது கூறுவதைப் பொறுமையுடன் படிப்பதே ஆகும்.